கருக்கலைப்பு முடிவும் அரசின் கையொப்பமும்

 இவ்வறக்கட்டளைச் சொற்பொழிவில் சட்டமும் சமூகமும் என்னும் பொதுப்பொருளுக்குள் எந்த வினாவையும் எடுத்துக்கொள்ளலாம் என்ற உரிமை உரையாளருக்குத் தரப்பட்டிருப்பதால், இத்துறையின் கருத்தரங்குகளில் பலமுறை எழுந்து தேநீர் இடைவேளையோடு நின்றுபோன வாதம் ஒன்று இங்கே முடிவுவரை கொண்டுசெல்லப்படுகிறது.

கருக்கலைப்பு குறித்த முடிவில் அரசுக்கு இடமுண்டா என்பதே அவ்வாதம். 2022 ஜூன் 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பை உரிமையாக ஏற்ற 1973ஆம் ஆண்டின் ரோ எதிர் வேட் தீர்ப்பை ரத்து செய்தபோது, அந்தச் சண்டை அமெரிக்கருக்கு உரியது என்றும், இந்தியா அதை 1971இலேயே அமைதியாகத் தீர்த்துக்கொண்டது என்றும் இங்குள்ள அறிஞர் பலர் பெருமிதத்தோடு கூறினர். அப்பெருமிதத்துக்கு ஆதாரம் இல்லை. இந்தியச் சட்டம் அரசை அம்முடிவிலிருந்து வெளியேற்றவில்லை. மருத்துவரின் கையொப்பத்துக்குள் அதைக் குடியமர்த்தியிருக்கிறது.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 312ஆவது பிரிவில் கருச்சிதைவு செய்வதைக் குற்றமாக்கியது. தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் அப்பிரிவின்படி குற்றவாளியே. தாயின் உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு செய்யப்படுவது மட்டுமே அதில் விலக்கு. சாந்திலால் ஷா குழுவின் பரிந்துரையை ஒட்டி 1971இல் இயற்றப்பட்டு, 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் அக்குற்றத்தை நீக்கவில்லை. பதிவுபெற்ற மருத்துவர் சட்டம் கூறும் காரணங்களுள் ஒன்று இருப்பதாக நல்லெண்ணத்தோடு கருதினால் அவர்மீது வழக்கு வராது என்றுதான் கூறியது. அதாவது, அச்சட்டம் பாதுகாப்பு வழங்கியது மருத்துவருக்கு. பெண்ணுக்கு உரிமை எதையும் அது எழுதித்தரவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் அதே குற்றத்தை 88ஆவது பிரிவாக எண் மாற்றி வைத்துக்கொண்டது.

2021ஆம் ஆண்டுத் திருத்தம் வாயிலை அகலப்படுத்தியது உண்மை. இருபது வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். இருபதிலிருந்து இருபத்து நான்கு வாரம் வரை, விதிகளில் பட்டியலிடப்பட்ட பெண்களுக்கு மட்டும், இரு மருத்துவர் கருத்து வேண்டும். வல்லுறவுக்கு ஆளானோர், பதினெட்டு வயது நிரம்பாதோர், கருவுற்றிருக்கும்போதே கைம்மையோ மணமுறிவோ நேர்ந்தோர் முதலானோர் அப்பட்டியலில் அடங்குவர். இருபத்து நான்கு வாரத்துக்குப் பின், கருவில் கடுமையான குறைபாடு உள்ளதென மாநில அரசு அமைக்கும் மருத்துவ வாரியம் கண்டறிந்தால், வார வரம்பு எதுவும் இல்லை. இந்த இறுதி விலக்கை அவையோர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்வரும் வழக்கு முழுவதும் அதன்மீதே நிற்கிறது.

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த அவ்வழக்கில் மனுதாரர் இருபத்தேழு வயதான, மணமான, இரு குழந்தைகளின் தாய். இரண்டாவது குழந்தைக்குப் பாலூட்டிவந்த காலத்தில் மாதவிலக்கு வராதிருந்ததால் (பாலூட்டும் தாய்மார் பலருக்கு இயல்பாக நேரும் இந்நிலையே இயற்கைக் கருத்தடையாகவும் நம்பப்படுகிறது) மூன்றாவது கரு தரித்தது அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது பல மாதங்கள் கடந்திருந்தன. முந்தைய பேற்றுக்குப் பின் வந்த மனச்சோர்வு நோய்க்கு அவர் மருந்து உட்கொண்டுவந்தார். மூன்றாவது குழந்தையை வளர்க்க உடலாலும் மனத்தாலும் பொருளாலும் இயலாது என்பதே அவர் முறையீடு.

எய்ம்ஸ் மருத்துவ வாரியம் அவரைப் பரிசோதித்தபின், அக்டோபர் 9 அன்று நீதிபதிகள் ஹிமா கோலியும் பி.வி. நாகரத்னாவும் கருக்கலைப்புக்கு அனுமதி அளித்தனர். வழக்கு அத்தோடு முடிந்திருக்க வேண்டும். மறுநாளே அந்த வாரியத்தைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர் அரசு வழக்கறிஞருக்கு மின்னஞ்சல் அனுப்பினார்: கரு கருப்பைக்கு வெளியே உயிர்பிழைக்கும் நிலையை எட்டிவிட்டது, முதலில் அதன் இதயத்துடிப்பை நிறுத்தவேண்டியிருக்கும், அதற்கு நீதிமன்றத்தின் தெளிவான கட்டளை வேண்டும் என்பது அதன் சாரம். உடனே ஒன்றிய அரசு உத்தரவைத் திரும்பப் பெறக் கோரியது. அரசு இம்முடிவில் தலையிடுகிறதா என்று இனியும் ஐயுறுவோர், மனுதாரரின் எதிர்த்தரப்பில் நின்றது யார் என்று பார்த்தால் போதும்.

அக்டோபர் 11 அன்று அதே இரு நீதிபதிகள் பிரிந்தனர். இதயத்துடிப்பை நிறுத்த ஆணையிடத் தம் மனச்சான்று இடந்தரவில்லை என்றார் ஒருவர். பெண்ணின் முடிவே மதிக்கப்பட வேண்டும், முன்னைய உத்தரவை மாற்றக் காரணமில்லை என்றார் மற்றவர். வழக்கு தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வுக்குச் சென்றது. 2022 செப்டம்பர் 29 அன்று, மணமாகாத பெண்களும் இருபத்து நான்கு வார வரம்புக்கு உரியவர் என்று கூறி நாடெங்கும் பாராட்டுப் பெற்ற தீர்ப்பை வழங்கியதும் அவர் தலைமையிலான அமர்வே. அக்டோபர் 16 அன்று அனுமதி மறுக்கப்பட்டது. கரு இருபத்தாறு வாரமும் ஐந்து நாளும் கடந்தது, தாயின் உயிருக்கு உடனடி ஆபத்தில்லை, கருவில் குறைபாடில்லை என்பவை காரணங்கள். பேற்றுச் செலவை அரசு ஏற்கும், குழந்தையைத் தத்துக் கொடுக்க விரும்பினால் உதவும் என்று ஆறுதல் கூறப்பட்டது.

மூன்றாவது காரணத்தின் முழுப்பொருளை உணர, அதே இருபத்தாறு வாரம் ஐந்து நாளில் அதே பெண்ணின் கருவுக்குக் கடுமையான குறைபாடு இருந்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்று எண்ணிப்பார்க்க வேண்டும். வாரியம் ஒப்பியிருக்கும்; அதன் பரிந்துரையே போதுமாதலால் நீதிமன்றத்துக்கு வேலையே இருந்திராது. அப்போதும் இதயம் துடித்துக்கொண்டுதான் இருந்திருக்கும். ஆகவே இச்சட்டம் காப்பது கருவின் உயிரை என்று கூறுவது பொருந்தாது. எந்தக் குழந்தை பிறக்காவிட்டால் அரசுக்கு ஏற்புடையது, எந்தக் குழந்தை பிறந்தே ஆகவேண்டும் என்பதையே அது வரையறுக்கிறது. மாற்றுத்திறனாளர் இயக்கங்கள் இவ்விலக்கைக் கண்டு முகம் சுளிப்பதில் நியாயமுண்டு. உயிர்பிழைக்கும் நிலையை எட்டிய கருவைக் குறித்துத் தயங்கும் நண்பர்களின் தயக்கம் மதிப்புக்குரியதே. ஆனால் அத்தயக்கத்துக்கு இச்சட்டத்தைத் துணைக்கு அழைப்பது கூடாது, சட்டமே அதைப் பின்பற்றவில்லை.

மனச்சோர்வு நோயை நீதிமன்றம் எடைபோட்ட விதமும் கவனத்துக்குரியது. இருபது வாரத்துக்குள் கருத்தடை பிழைத்ததால் உண்டாகும் வேதனையையே மனநலத்துக்குக் கடுந்தீங்கு என்று அனுமானித்துக்கொள்ளும் சட்டம், இருபத்து நான்கு வாரம் கடந்தபின் மருந்துண்ணும் நோயையும் போதாதென ஒதுக்குகிறது. பெண்ணின் மனம் இடையில் மாறவில்லை. அதை அளக்கும் கோல் மாறிவிட்டது.

பெண்சிசுக் கருவழிப்பைத் தடுக்கவாவது அரசின் கண்காணிப்பு வேண்டாமா என்பது தமிழ்நாட்டில் தவறாமல் எழும் மறுப்பு. பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கிய மாநிலத்தில் அது எழுவது இயல்பே. ஆனால் பாலினத்தை அறிவிப்பது நிகழுமிடம் ஸ்கேன் அறை. அதற்கென 1994ஆம் ஆண்டின் தனிச்சட்டம் உண்டு. ஸ்கேன் அறையின் குற்றத்துக்காக எல்லாப் பெண்களிடமும் காரணம் கேட்பது முறையாகாது.

மேலும், 2018இல் வெளியான ஆறு மாநில ஆய்வொன்று (தமிழ்நாடும் அதில் ஒன்று) 2015இல் இந்தியாவில் ஏறத்தாழ 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நிகழ்ந்தன என்றும், அவற்றுள் ஏறக்குறைய 73 விழுக்காடு மருத்துவமனைக்கு வெளியே மாத்திரைகளால் நிகழ்ந்தன என்றும் மதிப்பிட்டது. கையொப்பம் கோரும் சட்டம் பெரும்பான்மையோரை எட்டவேயில்லை. அரசுக்கு உரிய இடம் பயிற்சி பெற்ற கைகளும் தூய்மையான அறையும் கிடைக்கச் செய்வதே. 1988 முதல் கருக்கலைப்பைக் குற்றமாக்கும் சட்டமின்றியே கனடா இயங்கிவருகிறது. அதன் அனுபவம் தனி உரைக்குரியது.

நேரம் குறைவாதலால் சில பணிகளைச் சுட்டிக்காட்ட மட்டுமே இயலும். சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் அதன் மதுரைக் கிளைக்கும் வந்த கருக்கலைப்பு மனுக்களை ஆண்டுவாரியாகத் தொகுக்க வேண்டும். சிறார்மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவு கட்டாயமாக்கும் தகவல் தெரிவிப்பு, பதினேழு வயதுப் பெண்களை மருத்துவமனையிலிருந்து எவ்வளவு தூரம் விலக்குகிறது என்பதும் ஆராயத்தக்கது. எல்லாவற்றுக்கும் முன்னதாக, மருத்துவ வாரியங்கள் மறுத்த விண்ணப்பங்களின் எண்ணிக்கையும் காரணங்களும், பெயர் நீக்கி, வெளியிடப்பட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு மாவட்டமாக அவற்றைக் கேட்டு விண்ணப்பிக்கும் வேலையை இத்துறையின் முதுகலை மாணவர்கள் வரும் பருவத்திலேயே தொடங்குவார்களாக.