நுழைந்தவர் நிலைக்க வேண்டாமா?

(மாணவத் தோழர்களிடையே ஆற்றிய உரை)

தோழர்களே!

கல்லூரியின் முதலாண்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பட்டம் பெற்றோர் பேச வேண்டியதை, படிப்பைப் பாதியில் விட்டவனா பேசுவது என்று கேட்போர் உண்டு. கேட்கட்டும்! கரையேறியவன் ஆற்றின் அழகைக் கூறுவான். சுழல் எங்கே இருக்கிறதென்று, அதில் சிக்கியவன்தான் கூற முடியும். அந்த இடத்தைக் காட்டிடவே வந்தேன்.

சென்னைப் பல்கலைக் கழகம் தோன்றியது 1857இல். முரசு கொட்டி அனைவரையும் அழைத்தார்களா? இல்லை! உழுதவன் மகனும் நெய்தவன் மகளும் தெருவில் நின்று கட்டடத்தைக் கண்டனர், அவ்வளவே. வகுப்புவாரி உரிமை ஆணை வந்த பிறகே கதவு சற்றுத் திறந்தது. அந்த ஆணை செல்லாது என்று 1951இல் உச்சநீதி மன்றம் கூறியது. தமிழகம் கொதித்தெழுந்தது. அதே 1951இல் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது! கல்லூரியில் ஓர் இடம் என்பதற்காக ஒரு நாட்டின் சட்டமே திருத்தப்பட்டதென்றால், அந்த இடத்தின் மதிப்பு எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இன்று? 2021-22ஆம் ஆண்டின் அனைத்திந்தியக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் தமிழகத்தில் நூற்றுக்கு 47; இந்தியா முழுமைக்கும் 28தான். 2020இல் மருத்துவப் படிப்பிலும், 2021இல் பொறியியல் படிப்பிலும் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டது. 2022இல் மாணவியர்க்கும், 2024இல் மாணவர்க்கும் மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டங்கள் தொடங்கப்பட்டன. பெருமைதான், யார் மறுப்பர்?

ஆனால் தோழர்களே, சேர்ந்தவர் தொகையைப் போற்றும் நாம், முதலாண்டு முடிவதற்குள் மூட்டை கட்டியவர் தொகையைக் கேட்டோமா?

முதலாண்டில் நடப்பது என்ன? பன்னிரண்டாம் வகுப்பு வரை தாய்மொழியில் பயின்று, மாவட்டம் மெச்ச மதிப்பெண் பெற்றவன், முதல் நாள் வகுப்பில் ஆங்கிலம் கேட்டு ஊமையாகிறான். அறிவு குன்றியதா? இல்லை! நேற்றுவரை தெரிந்திருந்த கணக்கு இன்று தெரியாத மொழியில் வருகிறது. ஐயம் கேட்க எழுந்தால் பின்வரிசை நகைக்கிறது. கேட்காமல் இருந்துவிடுகிறான். பருவத் தேர்வு வருகிறது. இரண்டு தாள் போகிறது. ‘அரியர்’ என்று அதற்குப் பெயர். மளிகைக் கடைப் பாக்கி போல அடுத்த பருவத்திற்கும் அது தொடர்ந்து வருகிறது.

பணத்தின் கதை வேறு. உதவித்தொகை மெல்ல நடந்து வரும். விடுதிச் சாப்பாட்டுக் கட்டணமோ மாதந்தோறும் ஓடி வரும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில்தான் அம்மாவின் தோடு அடகுக் கடைக்குச் செல்கிறது.

இன்னொரு கொடுமையும் உண்டு. 1996இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர், மூத்த மாணவனால் கொல்லப்பட்டார். நாடே நடுங்கிற்று. பகடிவதையைத் தடுக்க 1997இல் தமிழகம் தனிச் சட்டம் இயற்றியது. முதலாண்டு மாணவனின் தனிமைக்கு உயிரையே விலையாகக் கொடுத்த பிறகு பிறந்த சட்டம் அது!

என் முதலாண்டை நான் வெறுக்கவில்லை. நூலகம் அங்கேதான் எனக்குக் கிடைத்தது. நாடக மேடையும் அங்கேதான் கிடைத்தது. விடுதித் தாழ்வாரத்தில், இரவுதோறும், பகலில் நடந்த பாடத்தைத் தமிழில் எடுத்துரைத்த மூத்த மாணவர் ஒருவர் இருந்தார். கைம்மாறு கேட்டதில்லை. அவர் சொல்லித் தந்ததால் கணிதத் தாளில் வென்றேன். மறு ஆண்டு அப்பாவின் தறி நின்றது. கட்டணம் கட்ட வழியில்லை. வேறு கல்லூரியில் சேரலாம் என்று சான்றிதழ் கேட்டேன். “பாக்கியைத் தீர்த்துவிட்டு வா” என்றனர். ஈராண்டு என் சான்றிதழ்கள் அவர்கள் பெட்டியில் உறங்கின. என் படிப்பும் அங்கேயே உறங்கிவிட்டது!

மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018இல் பல்கலைக் கழக மானியக் குழு அறிவித்தது. விதி இருக்கிறது. அதை எடுத்துக் கூறிட, கைம்பெண் தாயோடு கல்லூரி அலுவலகம் வரை நடந்திட, யார் இருக்கிறார்கள்?

அங்கேதான் தோழர்களே, உங்களை அழைக்கிறேன்.

உங்கள் ஊரிலிருந்து இவ்வாண்டு கல்லூரி சென்றவர் யார் யார்? பெயர்ப் பட்டியல் எழுதுங்கள். நம் படிப்பகத்தில் வாரம் ஒரு மாலை, மூத்த மாணவர் அமர்ந்து பாடத்தைத் தமிழில் விளக்கட்டும். உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். வந்து சேரும் வரை விடாது கேளுங்கள். முதல் பருவத் தேர்வு முடிந்ததும், “எத்தனை மதிப்பெண்?” என்று கேட்குமுன், “எப்படி இருக்கிறாய் தம்பி?” என்று கேளுங்கள்.

மாநாட்டுப் பந்தல் போடும் உழைப்பில் பத்தில் ஒரு பங்கு போதும் இதற்கு. கதவைத் திறக்க முன்னோர் சிறை சென்றனர். உள்ளே சென்ற பிள்ளையின் பக்கத்தில் அமர, நமக்கு ஒரு மாலைப் பொழுது கிடைக்காதா?

கிடைக்கும்! அடுத்த ஞாயிறே தொடங்குங்கள்!