கப்பர்நகூமும் நம் லயங்களும்



வைத்தியர் பேசுகிறார் என்றால் நீரிழிவுதான் என்று பயந்திருப்பீர்கள். நான் ஒரு படத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். லெபனானைச் சேர்ந்த நடீன் லபாக்கி இயக்கி, 2018 கான் விழாவில் நடுவர் குழுப் பரிசு பெற்ற 'கப்பர்நகூம்'. வேதாகமத்தில் வரும் ஊர்தான். பிரெஞ்சு மொழியில் அந்தச் சொல்லுக்குத் தாறுமாறான குவியல் என்றும் பொருள்.

பெய்ரூட் சேரிப் பையன் ஸெய்ன், தன்னைப் பெற்றதற்காகத் தாய் தகப்பன் மீது வழக்குப் போடுகிறான். அவனுக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. ஒரு வைத்தியர் வாயைத் திறந்து பார்த்து, பால் பற்கள் இல்லை, பன்னிரண்டு வயதிருக்கலாம் என்கிறார். எனக்கு நம் பக்கத்து 'உத்தேச வயதுச் சான்றிதழ்' நினைவு வந்தது. இறக்குவானை, தெரணியகலைப் பக்கத்து முதியவர்களிடம் வயது கேட்டால், "பெரிய வெள்ளம் வந்த வருஷம்" என்பார்கள். சிறுவரின் உயரத்தைப் பார்த்தும் வயதைச் சொல்லிவிட முடியாது. 2016 குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குக் குறைந்த தோட்டப்புறப் பிள்ளைகளில் 31.7 வீதமானோர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். முழு நாட்டுக்கும் அது 17.3 வீதம்.

ஸெய்னாக நடித்தவன் நடிகனல்லன், சிரிய அகதிச் சிறுவன். தங்கை சஹார் பெரியவளானதும் அவளுடைய துணியைக் கழுவி, கடையில் நப்கின் திருடிவந்து, வீட்டுக்குத் தெரியாமல் மறைக்கிறான். தெரிந்தால் கடைக்காரனுக்குக் கட்டிவைத்துவிடுவார்கள். (நாமோ ஒலிபெருக்கி கட்டி ஊருக்கே அறிவிப்போம்!) மறைத்தும் பயனில்லை. பதினொரு வயதில் மணமுடித்து, கர்ப்பச் சிக்கலில் சஹார் இறந்துபோகிறாள்.

ஆனால் என்னை விடாமல் பின்தொடர்பவள் ரஹீல். பத்திரமில்லாத எத்தியோப்பியத் தொழிலாளி. துப்புரவு வேலை செய்யும் இடத்தில் கைக்குழந்தை யோனாஸை மலசலகூடத்தில் ஒளித்து வைக்கிறாள். அவளைப் பொலிஸ் பிடித்த பிறகு, குழந்தை ஸெய்னின் கையில். பாலில்லாமல் ஐஸ்கட்டியில் சீனி தொட்டுக் கொடுக்கிறான்.

பெய்ரூட் நமக்குத் தூரத்து ஊரல்ல. 2006 போரில் அங்கே வீட்டுவேலை செய்த இலங்கைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். ரஹீல் பிள்ளையை ஒளித்து வைத்தாள். நம் தாய்மார் பிள்ளையை அம்மாயியிடம் விட்டுப் போகிறார்கள். அம்மாயி விடியுமுன் இறப்பர் பால் வெட்டப் போய்விடுவாள். பிறகு எட்டு வயது அக்காதான் தாய். கிளினிக்குக்கு வரும் போத்தலில் பாலுக்குப் பதில் சாயத்தண்ணியைக் கண்டிருக்கிறேன். வளர்ச்சிக் கோடு எந்த மாதத்தில் சரிந்தது என்று பார்த்துவிட்டு, "அம்மா எப்போது வெளிநாடு போனா?" என்று கேட்டால், பெரும்பாலும் விடை பொருந்தும்.

இதற்குத் தாயைத் திட்டுவது சுலபம். 2013 இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்று வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வீட்டுவேலைக்குப் போகக் கூடாது. 2022 நெருக்கடியில் டொலர் தேவைப்பட்டதும் அதைத் தளர்த்தினார்கள். தகப்பன் வெளிநாடு போனால் யாரும் அப்படி அறிக்கை கேட்கவில்லை.

படத்தில் ஓரிடம் எனக்கு ஒப்பவில்லை. தாய் தகப்பன் இனிப் பிள்ளை பெறக் கூடாது என்று ஸெய்ன் நீதிமன்றத்தில் கேட்கிறான். அடிபட்ட பையன் கேட்கலாம். படம் பார்க்கும் நாம் தலையாட்டலாமா? 1980களில் இந்த நாட்டில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்குக் காசு கொடுத்தார்கள். நூறு, ஐந்நூறு ரூபா ஒரு தோட்டத் தொழிலாளிக்கு எவ்வளவு பெரிய தொகை என்று உங்களுக்குத் தெரியும். ஏழை பெறும் பிள்ளையே நோய் என்று பார்க்கும் கண் எங்கள் தொழிலில் இன்னும் முழுதாக மாறவில்லை.

சங்கத்திடம் ஒன்று கேட்கிறேன். தாய் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் யார் என்று வகுப்பாசிரியைகளுக்குத் தெரியும். பெற்றோர் கூட்டத்தில் அந்தப் பிள்ளைக்காக அமர ஒரு பழைய மாணவி வேண்டும். பிந்திய பிறப்புப் பதிவுக்காகப் பிரதேச செயலகத்தில் சிங்களப் படிவத்தோடு நிற்கும் அம்மாயிக்குப் பக்கத்தில் இன்னொருத்தி வேண்டும். வாசல் மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். பெயரோடு, எந்தத் தோட்டத்துக்குப் போக முடியும் என்பதையும் எழுதுங்கள்.