போர்வையைக் கீழே போட்ட சிறுவன்: கிறிஸ்துமஸ் படங்களும் கிறிஸ்துமஸ் செய்தியும்

 

டிசம்பர் வந்துவிட்டது. எந்த ஓடிடி தளத்தைத் திறந்தாலும் முதல் வரிசையில் கிறிஸ்துமஸ் படங்கள்தான். பனி, சிவப்பு ஸ்வெட்டர், ஜன்னலோரம் மினுக்கும் மரம். அமெரிக்காவில் ஹால்மார்க் சேனல் இதைப் பெரிய தொழிலாகவே நடத்துகிறது. ஒவ்வொரு வருடமும் டஜன் கணக்கில் புதுப் படங்கள் வருகின்றன. பெரும்பாலும் கதை ஒன்றுதான். பெரிய நகரத்தில் வேலை வேலை என்று ஓடும் ஒரு பெண் சொந்த ஊருக்கு வருவாள். அங்கே ஒரு நல்ல மனிதர் இருப்பார். ஊரில் ஒரு பேக்கரியோ விடுதியோ மூடப்போகிற நிலையில் இருக்கும். கடைசி ஐந்து நிமிடத்தில் பனி பெய்யும், கடை பிழைக்கும், இருவரும் சேர்ந்துவிடுவார்கள்.

இதைக் கேலி செய்வதற்காகச் சொல்லவில்லை. வீடு திரும்ப வேண்டும், பிரிந்தவர்கள் சேர வேண்டும், ஒருத்தராவது நம்மை நேசிக்க வேண்டும் என்ற ஏக்கம் பொய்யானது இல்லை. அது எல்லோருக்குள்ளும் இருக்கிறது. ஆனால் அந்த ஏக்கத்துக்கு இந்தப் படங்கள் கொடுக்கிற பதில் என்ன? 'நம்பு' என்பார்கள். எதை நம்புவது? யாரை நம்புவது? அதைச் சொல்ல மாட்டார்கள். கிறிஸ்துமஸை நம்பு, மாயத்தை நம்பு, உன் மனதை நம்பு. அவ்வளவுதான்.

சரி, இந்த வருடம் நம்பவே தெம்பில்லாத ஒருத்தர் என்ன செய்வார்? மார்ச் மாதம் மனைவியை அடக்கம் செய்தவர், வேலை போனவர், பிள்ளை பேசாமல் இருக்கிற தாய். இவர்களுக்கு அந்தப் படத்தில் இடம் எங்கே? இன்றைக்குப் பேச வந்தது இந்தக் கேள்வியைத்தான்.

உலகம் முழுக்கப் பாடுகிற 'ஒயிட் கிறிஸ்துமஸ்' பாட்டு உங்களுக்குத் தெரியும். 1942-ல் வந்த 'ஹாலிடே இன்' படத்தில் பிங் கிராஸ்பி பாடியது. எழுதியவர் இர்விங் பெர்லின், சிறு வயதில் ரஷ்யப் பேரரசிலிருந்து அமெரிக்கா வந்த யூதர். பலருக்குத் தெரியாத ஒரு விஷயம், 1928-ம் வருடம், டிசம்பர் 25-ம் தேதி, அவருடைய மகன் இறந்துபோனான். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை. அந்த வீட்டில் அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கிறிஸ்துமஸும் எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்க. பாட்டில் குழந்தை இயேசுவும் இல்லை, இறந்த அந்தக் குழந்தையும் இல்லை. பனியும் பழைய நினைவும் மட்டும்தான். குறை சொல்லவில்லை. பொழுதுபோக்கு எவ்வளவு தூரம் வர முடியுமோ அவ்வளவு தூரம் அந்தப் பாட்டு வருகிறது. அதற்கு மேல் அதனால் வர முடியாது.

ஆனால் ஒரே ஒரு தடவை, இந்தப் பொழுதுபோக்கின் நடுவிலேயே ஒரு கதவு திறந்தது. 1965 டிசம்பர் 9. அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் அரைமணி நேரக் கார்ட்டூன் ஒன்று ஒளிபரப்பானது. பெயர் 'எ சார்லி பிரௌன் கிறிஸ்துமஸ்'. 'பீனட்ஸ்' சித்திரக்கதையை வரைந்த சார்ல்ஸ் ஷுல்ஸ் எழுதியது. விளம்பரதாரர் யார் தெரியுமா? கோகோ கோலா!

கதையில் சார்லி பிரௌன் என்ற சிறுவனுக்குக் கிறிஸ்துமஸ் வந்தும் சந்தோஷம் வரவில்லை. தனக்கு என்ன குறை என்றே அவனுக்குப் புரியவில்லை. சுற்றிலும் பாருங்க: அவன் நாய் ஸ்னூப்பி அலங்காரப் போட்டிக்காகத் தன் கூண்டுக்கு விளக்கு போடுகிறது. தங்கை சாலி சான்டாவிடம் பணமாகவே கேட்கிறாள். லூசிக்கு நிலம் வேண்டுமாம்! நாடகத்துக்கு மரம் வாங்கப் போன சார்லி, பளபளக்கும் அலுமினிய மரங்களை விட்டுவிட்டு, வாடிப்போன ஒரு சின்ன நிஜ மரத்தைத் தூக்கி வருகிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். மனம் உடைந்துபோய், 'கிறிஸ்துமஸ்னா என்னன்னு யாருக்காவது தெரியுமா' என்ற அர்த்தத்தில் கத்துகிறான்.

அப்போது லைனஸ் மேடை நடுவுக்கு வருகிறான். எப்போதும் ஒரு நீலப் போர்வையைப் பிடித்துக்கொண்டே திரிகிற பையன். அது இல்லாவிட்டால் அவனுக்குப் பயம். அவன் லூக்கா இரண்டாம் அதிகாரத்திலிருந்து, மேய்ப்பர்களுக்குத் தூதன் தோன்றிய பகுதியை அப்படியே மனப்பாடமாகச் சொல்கிறான். பின்னணி இசை இல்லை, சிரிப்புச் சத்தம் இல்லை.

வேதாகமப் பகுதியை வைப்பதில் உடன் இருந்தவர்களுக்குத் தயக்கம் இருந்தது. நாம் செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள் என்று ஷுல்ஸ் கேட்டதாகச் சொல்வார்கள். அவர் சும்மா பேசுகிறவர் இல்லை. 1943-ல், ராணுவத்தில் சேர்ந்த சமயத்தில், தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். பிறகு போர்முனைக்குப் போனவர். சபையில் ஞாயிறு பள்ளி நடத்தியவர். சோகமான கிறிஸ்துமஸ் எப்படி இருக்கும் என்று அறிந்தவர். அதிகாரிகளுக்குப் படம் பிடிக்கவில்லை. ஆனால் அன்றிரவு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இதைத்தான் பார்த்தார்கள். பிறகு எம்மி விருதும் கிடைத்தது.

அடுத்த முறை பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்க. 'பயப்படாதிருங்கள்' என்று தூதன் சொன்னதை லைனஸ் சொல்கிற அதே நொடியில், அவன் கை போர்வையை விட்டுவிடுகிறது. யாரும் அதைச் சுட்டிக்காட்ட மாட்டார்கள். அது பாட்டுக்கு நடக்கும்.

இப்போது லூக்காவுக்கு வருவோம். சினிமா கிறிஸ்துமஸுக்கும் இந்த அதிகாரத்துக்கும் என்ன வித்தியாசம்?

முதலாவது, இது ஒரு உணர்ச்சி இல்லை, ஒரு அறிவிப்பு. அகுஸ்துராயனின் கட்டளையிலிருந்து லூக்கா ஆரம்பிக்கிறார். இன்றைய துருக்கியில் உள்ள பிரியேனே என்ற ஊரில் கி.மு. 9-ம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அகுஸ்துவின் பிறந்தநாள்தான் உலகத்துக்கு நற்செய்தியின் தொடக்கம் என்று அதில் இருக்கிறது. கவனிச்சீங்களா? நற்செய்தி என்பது ஊரறியச் சொல்லும் சேதி. அரண்மனைக்காகப் பயன்பட்ட அந்தச் சொல்லை, முன்னணையில் கிடத்தப்பட்ட ஒரு குழந்தைக்காகத் தூதன் சொல்கிறான். 'உன் மனதை நம்பு' என்று அவன் சொல்லவில்லை. 'ஒருவர் பிறந்திருக்கிறார்' என்கிறான். போய்ப் பார்ப்பதற்கு அடையாளமும் கொடுக்கிறான்.

இரண்டாவது, அது பயந்தவர்களுக்குச் சொல்லப்பட்டது. இருட்டில், ஆட்டு மந்தைக்குக் காவல் இருந்தவர்களுக்கு. முதலில் சந்தோஷத்தை வரவழைத்துக்கொள்ளுங்கள், பிறகு வாருங்கள் என்று யாரும் நிபந்தனை போடவில்லை.

மூன்றாவது, இந்தக் கதை கண்ணீரை மறைப்பதில்லை. அதே அதிகாரத்தில் சிமியோன் குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டே, மரியாளின் ஆத்துமாவை ஒரு பட்டயம் உருவிப்போகும் என்று சொல்லிவிடுகிறார். மத்தேயுவில் ஏரோது குழந்தைகளைக் கொல்கிறான். யோசேப்பு ராத்திரியோடு ராத்திரியாக எகிப்துக்கு ஓடுகிறார். படங்களில் கிறிஸ்துமஸ் என்றால் வீடு திரும்புவது. சுவிசேஷத்திலோ தேவகுமாரன் தம்முடைய வீட்டைவிட்டு நம்மிடம் வருகிறார். நம்மால் திரும்பிப்போக முடியாத இடத்துக்கு, அவர் நம்மைத் தேடி வந்தார். அதனால்தான் மனைவியை இழந்தவருக்கும் இந்தக் கதையில் இடம் இருக்கிறது. அவர் சிரிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

'அப்போ படமே பார்க்கக் கூடாதா?' என்று கேட்பீங்க. பாருங்க, குடும்பமாக உட்கார்ந்து பாருங்க. லைனஸ் பேசியதே ஒரு குளிர்பான விளம்பரத்துக்கும் அடுத்த விளம்பரத்துக்கும் நடுவில்தானே! ஆனால் ஒன்று செய்யுங்க. படம் முடிந்ததும் பிள்ளைகளிடம், 'இதில் யாரை நம்பச் சொன்னாங்க?' என்று கேளுங்க. பிறகு லூக்கா இரண்டையும் மத்தேயு இரண்டையும் சத்தமாக வாசியுங்க. ஏரோது வரும் பகுதியைத் தாண்டிப் போகாதீங்க.

இன்னொன்று. இந்த வருடம் வீட்டில் நட்சத்திரம் கட்டாத ஒருத்தர் உங்கள் சபையில் இருப்பார். கேரல் குழு பாடிவிட்டு அவசரமாகக் கடந்துபோகும் வீடு அது. அங்கே போய்க் கொஞ்ச நேரம் உட்காருங்க. கேக் கொடுத்துவிட்டு 'சந்தோஷமா இருங்க' என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீங்க. இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்க.

கடைசியாக, பேசி முடித்ததும் லைனஸ் போர்வையைத் திரும்ப எடுத்துக்கொண்டுதான் மேடையைவிட்டு இறங்குகிறான். எனக்கு அது பிடித்திருக்கிறது. நாமும் அப்படித்தானே? செய்தியைக் கேட்கிற நொடியில் பயம் விலகுகிறது, மறுநாள் காலை திரும்ப வந்துவிடுகிறது. ஆனால் செய்தி நம் பிடியைப் பொறுத்து நிற்பது இல்லை. பிறந்தவர் பிறந்தவர்தான்.

உங்கள் எல்லோருக்கும், முக்கியமாக இந்த வருடம் கிறிஸ்துமஸ் பாரமாக இருக்கிறவர்களுக்கு, கர்த்தருடைய சமாதானம் உண்டாகட்டும்.