காட்டுச் செய்திக்கு யார் செலவு செய்வது?

(சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து பல்லுயிர்ப் பெருக்கம் பற்றி நிறையப் பேசியிருக்கிறீர்கள். உணவுச்சங்கிலி, வாழிடம், அழிவின் விளிம்பில் உள்ள இனங்கள் எல்லாம் வந்துவிட்டன. நான் பணத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஓர் உயிரினம் அருகி வருகிறது என்ற செய்தி உங்கள் வகுப்பறைக்கு வந்து சேர யார் செலவு செய்கிறார்கள்?

என் அனுபவத்திலிருந்து தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஏரிக்குப் பறவைகள் வருவது குறைந்துபோனதைப் பற்றி எழுதினேன். அந்த ஊருக்கு நான்கு முறை போனேன். விடியும் முன்பே கரையில் இருக்க வேண்டும் என்பதால் இரண்டு இரவு அறை எடுத்துத் தங்கினேன். மீன் பிடிப்பவர்கள், விவசாயிகள், பறவை நோக்குபவர்கள் என்று பலரிடம் பேசினேன். கட்டுரை வெளிவந்தது, பாராட்டும் வந்தது. கிடைத்த சன்மானம் பேருந்துச் செலவுக்கே போதவில்லை. அந்தப் பத்திரிகையின் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் நிலைமையும் அப்படித்தான். ஆனால் பக்கத்து வட்டத்தில் இன்னோர் ஏரியைப் பற்றியும் ஒருவர் சொல்லியிருந்தார். அங்கே நான் போகவில்லை. அங்கே என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

விபத்தோ தேர்தல் முடிவோ ஒரே நாளில் செய்தியாகிவிடும். ஒரு தவளையினம் மறைவது அப்படி நடப்பதில்லை. அது பல பருவங்களாக, சத்தமில்லாமல் நடக்கிறது. அதைக் கண்டுபிடிக்கத் திரும்பத் திரும்பப் போக வேண்டும், ஆய்வறிக்கைகளைப் படிக்க வேண்டும், சரிபார்க்க வேண்டும். அந்தச் செய்திக்குப் பக்கத்தில் விளம்பரம் கொடுக்க ஆள் வருவதும் அரிது.

நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணனை உங்களில் சிலர் அறிந்திருப்பீர்கள். 'தி ஸ்டேட்ஸ்மேன்' நாளிதழில் இயற்கை பற்றி 1950 முதல் 1996 வரை, தாம் மறையும்வரை, ஒரு பத்தியைத் தொடர்ந்து எழுதினார். 46 ஆண்டுகள்! அவருடைய திறமைக்கும் உழைப்புக்கும் ஒரு நாளிதழ் நிலையான இடம் கொடுத்து வைத்திருந்தது. அப்படி இடம் கொடுக்கும் வசதி இன்று பல நாளிதழ்களுக்கு இல்லை. விளம்பர வருவாயில் பெரும்பகுதி இணைய நிறுவனங்களுக்குப் போய்விட்டது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. உலகின் பெரிய மழைக்காடுகள் பிரேசில், காங்கோ, இந்தோனேசியா போன்ற நாடுகளில் இருக்கின்றன. அந்தக் காடுகளுக்குள் செய்தியாளரை அனுப்பும் பணம் அங்குள்ள பத்திரிகைகளிடம் இல்லை. படகுக்கும் எரிபொருளுக்கும் வழிகாட்டிக்கும் ஆகும் செலவை உள்ளூர்ப் பத்திரிகை எப்படித் தாங்கும்?

இந்த இடைவெளியை நிரப்பச் சில நிதித் திட்டங்கள் வந்தன. 'இன்டர்நியூஸ்' என்ற அமைப்பு 2004இல் தொடங்கிய 'எர்த் ஜர்னலிசம் நெட்வொர்க்', வளரும் நாடுகளின் செய்தியாளர்களுக்குப் பயிற்சியும் சிறு நிதிநல்கையும் தருகிறது. 2018இல் அமெரிக்காவின் புலிட்சர் மையம் மழைக்காட்டு இதழியல் நிதியை அறிவித்தது. நார்வே அரசு கொடுத்த பணம் அது. ஐந்து ஆண்டுகளுக்கு 55 லட்சம் டாலர். யாருக்கு நிதி கொடுப்பது என்பதை அந்தந்தப் பகுதிச் செய்தியாளர்களே அடங்கிய குழு தேர்ந்தெடுக்கும் என்று ஏற்பாடு செய்தார்கள். பணம் கொடுப்பவர் ஒருவர், எதை எழுதுவது என்று முடிவு செய்பவர் வேறொருவர். இந்தச் சுவர் இல்லாவிட்டால் நிதியுதவி பெற்ற செய்தி விளம்பரமாகிவிடும்.

இந்த வேலையில் உயிரே போவதும் உண்டு. டோம் பிலிப்ஸ் பல ஆண்டுகள் பிரேசிலில் வாழ்ந்த பிரிட்டன் செய்தியாளர். அமேசானைக் காப்பாற்றும் வழிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிவந்தார். அதற்கு ஓர் அறக்கட்டளையின் நிதிநல்கையும் கிடைத்திருந்தது. 2022 ஜூன் மாதம் ஜாவரி பள்ளத்தாக்கில், பழங்குடிகளுக்காகப் பணியாற்றிய புரூனோ பெரேரா என்ற பிரேசில் நாட்டவரோடு படகில் போனபோது இருவரும் கொல்லப்பட்டார்கள். சட்டவிரோத மீன்பிடிப்பு நடக்கும் பகுதி அது. பாதியில் நின்ற புத்தகத்தை நண்பர்கள் முடித்து 2025இல் வெளியிட்டார்கள். பிலிப்ஸ் வெளிநாட்டவர் என்பதால் உலகமே திரும்பிப் பார்த்தது. அதே ஆற்றங்கரையில் வாழ்ந்துகொண்டே எழுதும் உள்ளூர்க்காரருக்கு அந்தப் பாதுகாப்புகூட இல்லை.

சரி, வெளியிலிருந்து வரும் பணத்தை நம்பியே இருக்கலாமா? 2025 தொடக்கத்தில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. சுதந்திர ஊடகங்களுக்கென அந்த ஆண்டுக்கு ஒதுக்கப்பட்டிருந்த சுமார் 26.8 கோடி டாலர் முடங்கியது. பல நாடுகளில் சிறிய செய்தி நிறுவனங்கள் திண்டாடின. எங்கோ ஒரு தலைநகரில் போட்ட கையெழுத்து, எங்கோ ஒரு காட்டில் செய்தியாளரின் படகை நிறுத்திவிடுகிறது.

2022 டிசம்பரில் உலக நாடுகள் குன்மிங்–மான்ட்ரியல் பல்லுயிர்க் கட்டமைப்பை ஏற்றன. அதில் 23 இலக்குகள். 2030க்குள் ஆண்டுக்கு 20,000 கோடி டாலர் திரட்ட வேண்டும் என்பது ஓர் இலக்கு. அறிவும் விழிப்புணர்வும் மக்களிடம் சேர வேண்டும் என்பது இன்னோர் இலக்கு. ஆனால் செய்திப் பணிக்கென்று தனித்தொகை எதையும் அவை குறிப்பிடவில்லை.

வேறு வழியைத் தேடியவர்களும் உண்டு. பிரேசிலின் அல்டாமிரா, அமேசான் பகுதியில் உள்ள ஊர். எழுத்தாளர் எலியானே புரூமும் நண்பர்களும் 2022இல் அங்கிருந்து 'சுமாவுமா' என்ற செய்தித்தளத்தைத் தொடங்கினார்கள். அறக்கட்டளைகளின் பணத்தோடு வாசகர்களின் நன்கொடையும் அதற்கு வருகிறது. காட்டுப் பகுதி இளைஞர்களுக்கு அவர்கள் செய்தியாளர் பயிற்சியும் தருகிறார்கள். சுமாவுமா என்பது ஒரு மரத்தின் பெயர். அது வேறு எதுவும் இல்லை, நம் ஊர் இலவ மரம்தான்.

இலவு காத்த கிளியின் கதை நமக்குத் தெரியும். காயாகவே இருந்து கடைசியில் பஞ்சாக வெடிக்கும் மரத்தில், பழத்துக்காகக் காத்திருந்த கிளி. நிதி வரும், யாராவது வந்து எழுதுவார்கள் என்று நாமும் காத்திருந்தால் அதே கதைதான்.

ஆசிரியர்கள் என்ன செய்யலாம்? மூன்று சொல்கிறேன்.

ஒன்று, வகுப்பில் ஒரு சுற்றுச்சூழல் செய்தியை வாசிக்கும்போது இரண்டு கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். எழுதியவர் அந்த இடத்துக்குப் போனாரா? போவதற்கு யார் செலவு செய்தார்? நிதியுதவி பெற்ற கட்டுரைகளின் அடியில் அந்த விவரம் ஒரு வரியில் இருக்கும். அந்த வரியையும் பாடமாக்குங்கள்.

இரண்டு, நம்மால் முடிந்தால் ஒரு நல்ல சுற்றுச்சூழல் இதழுக்குச் சந்தா கட்டுவோம். செய்தி இலவசமாகக் கிடைக்கலாம்; இலவசமாக உருவாவதில்லை.

மூன்று, உங்கள் மன்ற மாணவர்களிடம் ஒரு நோட்டு கொடுங்கள். பள்ளிக்குப் பக்கத்துக் குளத்தில் இந்த வாரம் எத்தனை நாரை, எந்த மரம் பூத்தது, எது வரவில்லை என்று தேதியோடு எழுதட்டும். வகுப்பு மாறினாலும் நோட்டு தொடரட்டும். அது செய்தியாளரின் வேலைக்கு மாற்று ஆகாது. அவருக்குக் கூலி கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஐந்து ஆண்டு நோட்டு ஒன்று கையில் இருந்தால், நான்கு பயணம் செய்ய வேண்டியவர் ஒரே பயணத்தில் செய்தியின் நுனியைப் பிடித்துவிடுவார்.

நான் போகாத அந்த ஏரியின் கரையிலும் ஒரு பள்ளி இருக்கும். அங்கே ஏதாவது ஒரு பிள்ளை எண்ணி எழுதி வைத்திருந்தால், நான் தவறவிட்ட செய்தி இன்னும் தொலைந்துபோகவில்லை. அந்தப் பள்ளியின் ஆசிரியர் இங்கே இருந்தால், தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். இந்த முறை கட்டாயம் வருகிறேன்.