மெழுகில் எழுதும் வாழ்த்து

(மல்லசமுத்திரத்தில் க்ஷமாவணி விழாவையொட்டிச் சிறுவர்க்கு நடத்தப்பெற்ற வாழ்த்து அட்டைப் பயிற்சியின் தொடக்கத்தில் ஓவிய ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



யான் சமண சமயத்தைச் சார்ந்தவன் அல்லேன். இவ்வூரில் நெடுங்காலம் ஓவியம் கற்பித்தவன் என்பதால் அழைத்திருக்கிறீர்கள். சென்ற ஆண்டும் இதே பயிற்சிக்கு வந்தேன். அன்று அடுப்பில் மெழுகு உருகிக்கொண்டிருந்தபோது முன்வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி, "ஐயா, இது தேனீயின் மெழுகா?" என்று வினவினாள். "ஆம் அம்மா, அதனால்தான் இப்படி மணக்கிறது" என்றேன். அவள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள். "வந்த வேலையைப் பார்" என்று கடிந்துகொண்டேன். அவளுடைய அட்டை இறுதிவரை வெறுமையாகவே இருந்தது. பிறரிடம் பிழை பொறுக்க வேண்டும் அட்டையை அல்லவா அன்று செய்துகொண்டிருந்தோம்!

வீடு திரும்பிய பின்னரே நூல்களைப் புரட்டினேன். சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், இல்லறத்தார்க்குரிய எட்டு மூலகுணங்களுள் கள்ளையும் ஊனையும் விலக்குவதோடு தேனை விலக்குவதையும் சேர்த்தே வைத்திருக்கிறார். தேன் ஆகாதெனில் தேனடை எவ்வாறு ஆகும்? மெழுகென்பது தேனீ தன் வயிற்றுச் சுரப்பிகளிலிருந்து சுரந்து கட்டும் வீடு. அச்சிறுமிக்குத் தெரிந்திருந்தது எனக்குத் தெரியவில்லை.

ஆயினும் மெழுகோவியத்தைக் கைவிட எனக்கு மனமில்லை. அது நமக்குப் புதியதன்று. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தார்க்கென உருவான கோடாலிக்கருப்பூர்ப் புடவைகளில், தறியில் இழைத்த சரிகை வேலையோடு, மெழுகால் மறைத்துச் சாயமேற்றும் வேலையும் கலந்திருந்தது. பின்னாளில், 1966-இல் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் கே.சி.எஸ். பணிக்கரின் முயற்சியால் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தபோது, அங்கிருந்த ஓவியர்களுக்கு மெழுகால் செய்த பத்திக் துணிகளின் விற்பனை பெருந்துணையாயிற்று. ஓவியம் சோறு போடாது என்று என்னிடம் சொல்ல வரும் பெற்றோர்க்கு நான் காட்டும் சான்று இதுவே.

ஆகவே, இவ்வாண்டு பாரஃபின் மெழுகு கொணர்ந்துள்ளேன். கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கப்படுவது. ஈக்கு இதில் தொடர்பில்லை. ஒரு குறை உண்டு. தேன்மெழுகு வளைந்துகொடுக்கும், இது நொறுங்கும். அட்டையின் மடிப்பின்மேல் வரையாதீர்கள், உதிர்ந்துவிடும். ஆனால் அந்த நொறுங்கலினூடே வண்ணம் புகுந்து மெல்லிய நரம்புகள் தோன்றுமே, அழகே அதில்தான் இருக்கிறது.

தூரிகையையும் ஆராய்ந்தேன். கீரிமயிர்த் தூரிகையைச் சட்டமே தடுக்கிறது. பன்றிமயிரில் செய்தது கடைகளில் கிடைக்கும். நாம் வாங்க வேண்டாம். நைலான் சூட்டில் வளைந்து கெடும். மூங்கில் குச்சியின் முனையில் பருத்தி நூலைச் சுற்றிக்கொள்ளுங்கள். நெசவாளர் வாழும் இவ்வூரில் நூலுக்கா பஞ்சம்?

மெழுகுக் கிண்ணத்தை நேரே நெருப்பில் வைக்கலாகாது. கொதிநீர்ப் பாத்திரத்தினுள் வைத்துப் பெரியவர்களே உருக்குவார்கள். தப்பித்தவறித் தீப்பற்றினால் நீர் ஊற்றாமல் மூடியால் மூட வேண்டும். வெண்மையாக இருக்க வேண்டிய இடங்களில் முதலில் மெழுகிட்டு, வெளிர் வண்ணம் பூசுங்கள். உலர்ந்தபின் அவ்வண்ணம் நிற்க வேண்டிய இடத்தில் மீண்டும் மெழுகு. அதன்மேல் அடர் வண்ணம். முடிவில் இருபுறமும் செய்தித்தாள் வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் மெழுகைத் தாள் உறிஞ்சிக்கொள்ளும். மெழுகு ஊறிய இடத்தில் மை ஒட்டாது; செய்தி எழுத உட்புறம் வேறொரு தாளை மைதாப் பசையால் ஒட்டிவிடுங்கள்.

இன்னொன்று. விளக்கொளியை நாடிவரும் பூச்சிகள் உருகிய மெழுகில் வீழ்ந்து மடியும். ஆதலால் கதிரவன் மறையுமுன் அடுப்பை அணைத்துவிடுவோம். இதை எனக்குச் சொன்னவர் உங்கள் வீட்டுப் பாட்டி ஒருவர்.

முதல் அட்டையை நேற்றே செய்துவிட்டேன். அச்சிறுமி இன்று மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறாள், அது அவளுக்குரியது. வெண்தாளில் நிறமற்ற மெழுகால் எழுதியிருப்பதால் இப்போது ஒன்றும் புலப்படாது. வா அம்மா, இந்த நீலத்தை நீயே பூசிப் படித்துக்கொள்.