தீவகத்தின் தெருவோரத் தருமங்கள்

ஒரு நாட்டின் பழமையைக் காண விழைவோர் கோட்டைகளையும் கோபுரங்களையுமே நாடிச் செல்வர். ஆண்டவர்களின் வரலாற்றை அவை எடுத்துரைக்கும். ஆயின், தலையிற் கடகத்தைச் சுமந்து வெயிலில் நடந்த எளியவர்களின் வரலாற்றை எடுத்துரைப்பவை எவை? யாழ்ப்பாணத்திலும் அதனைச் சார்ந்த தீவகத்திலும் அந்தப் பணியைச் செய்பவை தெருவோரத்து மடங்களும், கேணிகளும், சுமைதாங்கிகளும், ஆவுரோஞ்சிக் கற்களுமே ஆகும்.

தீவகம் வறண்ட நிலம். கிணறு தோண்டினால் பல இடங்களில் உவர்நீரே ஊறும். நெடுந்தீவில் நன்னீர் கிடைக்கும் சாராப்பிட்டியும், வேலணைத் தீவின் சாட்டியும் மக்களாற் போற்றப்படுவதன் காரணம் இதுவே. இத்தகைய மண்ணில், வள்ளத்தால் வந்து இறங்கிக் கால்நடையாகச் செல்லும் ஒருவனுக்கு நிழலும் ஒரு செம்பு நல்ல தண்ணீரும் கொடுப்பதனினும் பெரிய அறம் யாது? அதனாலேயே பொருள் படைத்தோர் வழியோரத்தில் மடம் கட்டினர். அதன் அருகே கிணறு வெட்டினர். மாடுகள் நீர் அருந்தத் தொட்டி அமைத்தனர். தினவெடுத்த மாடு தன் உடலை உராய்ந்துகொள்வதற்கென ஒரு கல்லும் நட்டனர். அதுவே ஆவுரோஞ்சிக் கல். வாயில்லாச் சீவனின் தினவையும் எண்ணிப் பார்த்த உள்ளம் எத்தகையது என்பதை அந்தக் கல் இன்றும் நமக்கு உணர்த்துகின்றது.

சுமைதாங்கியின் அமைப்பு மிக எளியது. நிறுத்திய இரு கற்களின்மேல் ஒரு கற்பலகை. உயரம் ஏறக்குறைய தோளளவு. பாரமான சுமையைத் தலையில் வைத்து நடப்பவன் தனியே அதனை நிலத்தில் இறக்கிவிட்டால், மீண்டும் தலையில் ஏற்றுவதற்கு இன்னொருவரின் கை வேண்டும். ஆளரவமற்ற வெளியில் அந்தக் கைக்கு எங்கே போவது? தோளுயரக் கல்லாயின், பிறர் உதவியின்றிச் சுமையைச் சரித்து வைத்து இளைப்பாறி, மறுபடியும் தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். வழிப்போக்கனுக்கு உதவும் அந்த இன்னொரு கையே சுமைதாங்கி.

இக்கல்லை நாட்டியதற்குப் பிறிதொரு காரணமும் உண்டு. கருவுற்ற பெண்ணொருத்தி மகப்பேறு காணாமலே இறந்துவிட்டால், அவள் இறக்கிவைக்காத சுமையை நினைந்து, பிறர் சுமை இறங்குமாறு உறவினர் சுமைதாங்கி நிறுவுவது தமிழர் வழக்கம். சில கற்களில் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். பலவற்றில் ஓர் எழுத்தும் இராது. கல் பெயர்க்கப்படும் நாளில் அந்தப் பெண்ணின் நினைவுக்கு எஞ்சியிருந்த ஒரே சான்றும் மறைந்து போகின்றது.

இவை அழிவதற்குப் பகைமை காரணமன்று. நடந்து செல்வோர் அருகிவிட்டனர். ஆதலால் அவர்களுக்காக எழுந்தவை வேண்டாதனவாய்த் தோன்றுகின்றன. வீதி அகலும்போது முதலில் அகற்றப்படுவது ஓரத்துக் கல்லே. 1990, 1991 ஆகிய ஆண்டுகளில் போரினால் தீவக மக்களிற் பெரும்பாலார் இடம்பெயர்ந்தனர். இது யாருடைய மடம், எவர் நினைவாக எழுந்தது என்று சொல்லக்கூடிய முதியோர் கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் சிதறினர்.

சட்டமும் இவற்றை எளிதிற் கண்டுகொள்வதில்லை. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2 ஆந் திகதிக்கு முற்பட்டவற்றையே தொல்பொருள் என வரையறுக்கின்றது. அதற்குப் பிற்பட்டவற்றையும் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாகப் பிரகடனம் செய்ய வழியுண்டு. ஆயினும் எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். நெடுந்தீவின் ஒல்லாந்தர் கோட்டைக்கும் குதிரை லாயத்துக்கும் அவ்வாறு பேசுவோர் பலர். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே நீரில் நிற்கும் கடற்கோட்டை, கடற்படையினரால் பயணிகள் விடுதியாக்கப்பட்டுப் புதுவாழ்வு பெற்றது. எழுத்தில்லாத தெருவோரக் கல்லுக்காகப் பேச எவருளர்?

பயன்பாடே ஒரு பொருளின் முதற் காவல். நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலயத்துக்கு ஆனித் திருவிழாவிற் குவியும் அடியார்கள், அமுதசுரபி அன்னதான மண்டபத்தில் விலையின்றி உணவு பெறுகின்றனர். மணிமேகலை பெற்ற பாத்திரத்தின் பெயர் அது. அவள் அதனைப் பெற்ற மணிபல்லவம் இந்தத் தீவே என்று கூறும் அறிஞரும் உளர். பந்தி நடப்பதால் மண்டபமும் பேணப்படுகின்றது. பருத்தித்துறையில், நடுவே வீதி செல்ல இருபுறமும் திண்ணை கொண்டு நிற்கும் தெருமூடிமடமும், வழிப்போக்கருக்கு நிழல் தருவதாலேயே மக்கள் மனத்தில் நிலைத்திருக்கின்றது.

ஆகவே, செய்யவேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பனவல்ல. ஒவ்வொரு பாடசாலையும் தன் ஊரிலுள்ள மடம், கேணி, சுமைதாங்கி, ஆவுரோஞ்சிக் கல் ஆகியவற்றைப் படத்துடன் பதிவு செய்தல் வேண்டும். மூத்தோர் அறிந்த பெயர்களை மாணவர் இன்றே கேட்டு எழுதுதல் வேண்டும். அந்தப் பட்டியல் பிரதேச சபையின் கையில் இருக்குமாயின், வீதி வேலை தொடங்குமுன் கல்லைக் காத்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் வாழும் அன்பர்கள் ஊர்ப்பற்றினால் பணம் அனுப்பும்போது, பழைய சுண்ணக் கட்டை இடித்து மாபிள் பதிப்பதை விடுத்து, உள்ளதை உள்ளவாறே செப்பனிடச் செய்வார்களாயின் அதுவே உண்மையான திருப்பணி. மடத்து வாயிலில் நாள்தோறும் ஒரு குடம் நல்ல தண்ணீர் வைக்கப்படுமாயின், அந்த மடம் மீண்டும் மடமாகும்.

கோட்டை கட்டியவர்கள் தம்மைக் காக்கக் கட்டினர். மடம் கட்டியவர்கள் முன்பின் அறியாத வழிப்போக்கனுக்காகக் கட்டினர். இவ்விரண்டில் எதனை இழந்தால் நாம் வறியவராவோம் என்பதைத் தீவக மக்களும், அவர்தம் மக்களும் சிந்திப்பார்களாக.