பாம்பைப் பிடிப்பதும் விடுவதும்



பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பர் நம் முன்னோர். வீட்டுக்குள் பாம்பு நுழைந்துவிட்டால் ஒருவன் தடியைத் தேடுகிறான். மற்றொருவன் வீரம் காட்ட வெறுங்கையை நீட்டுகிறான். அச்சமும் வீரமும் வேறுபட்டவை போலத் தோன்றினும், இருவரும் சென்று நிற்பது பாம்பின் பல்லுக்கு எட்டும் இடத்தில்தான்! 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் மாண்டனர் என ஆய்வாளர் கணித்துள்ளனர்.

ஆயின், நாம் செய்யத்தக்கது யாது? பத்தடி விலகி நில்லுங்கள். குழந்தைகளையும் நாயையும் அப்புறப்படுத்துங்கள். பாம்பு எங்கே செல்கிறதென்று கண் எடுக்காமல் பாருங்கள். தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ செய்தி அனுப்புங்கள். சாரையை நாகமென்றும், கட்டுவிரியனை நஞ்சற்ற பாம்பென்றும் மயங்குவோர் பலர். ஆதலின் இனம் காணும் முயற்சியில் அருகே செல்ல வேண்டா.

பயின்றவர் வந்து செய்வதைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். அவர் பாம்போடு போராடுவதில்லை. ஒரு துணிப்பையின் வாயில் குழாயைப் பொருத்தித் தரையில் கிடத்துகிறார். கொக்கிக் கோலால் பாம்பை மெல்ல அதன் பக்கம் திருப்புகிறார். ஒளிந்துகொள்ள இருள் தேடும் பாம்பு, குழாயை வளையென்று எண்ணித் தானே உள்ளே புகுகிறது. பையைக் கட்டிக் காற்றுப் புகும் பெட்டியில் வைத்தால் வேலை முடிந்தது. கழுத்தை நெரித்துப் பிடிப்பதோ பாம்பின் எலும்புக்கும் கேடு, பிடிப்பவர் உயிருக்கும் கேடு.

பிடித்தபின் விடுவதிலும் அறிவு வேண்டும். தொலைவிலுள்ள பெருங்காட்டில் விடுவதே நன்று எனப் பலர் கருதுகின்றனர். தன் வளையும் நீரும் இரையும் எங்கே என்பதைப் பாம்பு அறிந்திருப்பது தன் இடத்தில்தான். அறியாத நிலத்தில் அது அலைந்து மடியக்கூடும். எனவே, பிடித்த இடத்துக்கு அண்மையிலேயே, மனித நடமாட்டம் குறைந்த புதரோரத்தில் விடுவது முறை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாம்புகளுக்கும் காப்பளிக்கிறது. இசைவின்றிப் பிடிப்பது குற்றமாகும்.

இக்கலையில் தேர்ந்தவர் நம் இருளர் மக்கள். ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்த அவர்கள், அவ்வணிகம் தடைப்பட்டபின், 1978இல் செங்கற்பட்டுப் பகுதியைச் சேர்ந்த வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்தபின் பாம்புகளை மீண்டும் காட்டில் விடுகின்றனர். அந்த நஞ்சிலிருந்தே கடிபட்டோரைக் காக்கும் மருந்து உருவாகிறது. அவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

கொல்லாமல் பிடிக்கப்படும் பாம்பு வயலில் எலியைத் தின்று நம் நெல்லைக் காக்கிறது. அதன் நஞ்சோ மருந்தாகி நம் உயிரைக் காக்கிறது. அடுத்த முறை பாம்பைக் கண்டால் கையில் தடி வேண்டா. காலில் பத்தடி விலகலும் மனத்தில் பொறுமையும் இருந்தால் போதும்.